பால் பைத்தான் வளர்ப்பு: பாம்பு கடைசியாகத்தான் வீட்டுக்குள் வர வேண்டும்

"அண்ணா, பாம்பு வாங்கி மூணு நாள் ஆச்சு. இன்னும் ஒண்ணும் சாப்பிடல" என்று ஒரு தம்பி இரவு பதினொரு மணிக்குப் போன் செய்தார். எதில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பழைய மீன் தொட்டி, மேலே ஒரு பலகை, பலகை மேல் இரண்டு செங்கல். தெர்மாமீட்டர்? இல்லை. பதிவுச் சான்று? "அது என்னண்ணா?" தினமும் கையில் எடுக்கிறீர்களா? "ஆமாண்ணா, பழகணும்ல."

ஒவ்வொன்றும் திருத்தக்கூடிய தவறுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே: பாம்பை முதலில் வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு பெட்டி, சூடு, இரை, காகிதம் எல்லாமே அவசரத்தில் தேடுகிற பொருளாகிவிடுகிறது. கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஏழாவது படி வரை உங்கள் வீட்டில் பாம்பே இருக்காது. அது பொறுமையைச் சோதிக்கும் என்று தெரியும். பொறுக்க முடியாதவர்களுக்கு இது ஏற்ற வளர்ப்பு இல்லை.

எழுதியிருப்பது பால் பைத்தான் என்ற சிறிய மலைப்பாம்புக்காக, சென்னை மாதிரி கடலோரத் தட்பவெப்பத்தை மனதில் வைத்து. இந்த 'பால்' பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். பயந்தால் தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். புற்றில் ஊற்றுகிற பாலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஊற்றினாலும் குடிக்காது.

1. எந்தப் பாம்பு கூடாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

தோட்டத்தில் வந்த பாம்பு, வயலில் கிடைத்த குட்டி, ஊரில் மாமா பிடித்துக் கொடுத்தது: இவை எதுவும் வளர்ப்புப் பாம்பு ஆகாது. நம் மலைப்பாம்பு, சாரை, நல்ல பாம்பு, மண்ணுளி எல்லாம் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கப்பட்டவை. பிடிப்பதே வேட்டையாடுவதாகக் கணக்கு. மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணை உயிரினத்தில் கைவைத்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். மண்ணுளிக்குக் கோடி ரூபாய் என்று வாட்ஸாப்பில் வரும் கதையை நம்பி உள்ளே போனவர்கள் ஏராளம்.

வெளிநாட்டு வீடியோக்களில் பார்க்கும் ரெட்டிகுலேட்டட், பர்மீஸ் மலைப்பாம்புகளையும் மறந்துவிடுங்கள். அவை வெளிநாட்டுப் பாம்புகள் என்று பலர் நினைக்கிறார்கள். முதலாவது நிக்கோபாரிலும் இரண்டாவது நம் வடகிழக்கு மாநிலங்களிலும் இயற்கையாக வாழ்பவை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பதினைந்து அடிக்கு வளரும் பாம்பை இரண்டு பெட்ரூம் பிளாட்டில் எங்கே வைப்பீர்கள்?

பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் பாம்பு. ஆண் மூன்று முதல் நான்கு அடி, பெண் நான்கு முதல் ஐந்து அடி. நஞ்சு கிடையாது. 20 முதல் 30 ஆண்டு வாழும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிச் சாலையில் 60 வயதைத் தாண்டிய ஒரு பெண் பாம்பு 2020இல் முட்டையிட்டது. கல்லூரியில் சேரும்போது வாங்கினால், உங்கள் பிள்ளை கல்லூரியில் சேரும்போதும் அது அதே பெட்டியில் இருக்கலாம்.

2. காகிதம்

காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் பால் பைத்தான் இருக்கிறது. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, சைட்டஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்கள் நான்காம் அட்டவணைக்குள் வருகின்றன. அவற்றை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. ஒன்றிய அரசின் பரிவேஷ் 2.0 தளத்தில், பாம்பு கைக்கு வந்த 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் மாநிலத் தலைமை வனவுயிர்க் காப்பாளரிடம் போகும். கைமாறினாலும், குட்டி பொரித்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும்.

வாங்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பாம்புக்கு உங்கள் பெயரில் பதிவுச் சான்று இருக்கிறதா? இருந்தால் முன்கூட்டியே பிரதி கேளுங்கள். "அதெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆவணம் இல்லாமல் வைத்திருந்தவர்கள் தாமாக முன்வந்து அறிவிக்க 2020இல் ஒரு வாய்ப்பு இருந்தது. அது முடிந்து வெகுகாலம் ஆகிறது. அதைச் சொல்லி இன்றைக்கும் விற்கிறார்கள்.

சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிக்குள் பால் பைத்தான் குட்டிகள் பிடிபட்டன என்ற செய்தியை நீங்களே பலமுறை படித்திருப்பீர்கள். காகிதம் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் குட்டி பெரும்பாலும் அந்த வழியில் வந்ததுதான். சாக்ஸுக்குள் சுருட்டி, தண்ணீர் இல்லாமல் பயணித்து, உண்ணியோடும் நுரையீரல் தொற்றோடும் வரும். மலிவு என்று வாங்கி, மிச்சமான பணத்தை மருத்துவருக்குக் கொடுப்பீர்கள்.

பலர் வளர்க்கும் இன்னொரு வெளிநாட்டுப் பாம்பான கார்ன் ஸ்னேக் சைட்டஸ் பட்டியலில் இல்லை, அதனால் இந்தப் பதிவும் அதற்கு இல்லை. ஆனால் உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்தால் அதுவும் கடத்தல்தான்.

3. வீட்டார், மருத்துவர், இரை

மூன்றும் உறுதியாகாமல் நான்காம் படிக்குப் போகாதீர்கள்.

வீட்டார் சம்மதம் என்றால் "சரி, என்னவோ பண்ணு" என்ற சலிப்பு இல்லை. ஃப்ரீசரில் எலி இருக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேட்க வேண்டும். நான் இதைச் சொல்லாமல் தொடங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் எடுக்கப் போன அம்மா, வெள்ளைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்துவிட்டு, "மீன் இருக்கிற எடத்துல எலியாடா?" என்று கேட்டார். அடுத்த வாரமே பழைய சின்ன ஃப்ரீசர் ஒன்று வாங்கினேன். நீங்கள் முதலிலேயே வாங்கிவிடுங்கள். இடமில்லை என்றால், பூட்டக்கூடிய தனி டப்பா குறைந்தபட்சம் வேண்டும். ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா இருக்கும் என்பதால், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை, கர்ப்பிணி, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் வீட்டில் இருந்தால் இன்னொரு முறை யோசியுங்கள்.

நாய், பூனை பார்க்கிற எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பாம்பு பார்ப்பதில்லை. போன் செய்து, "பாம்பு பார்ப்பீர்களா" என்று நேராகக் கேட்டு, சரி என்றவரின் எண்ணைப் பெட்டியின் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். மூச்சுத் திணறும் பாம்பைக் கையில் வைத்துக்கொண்டு எண் தேடக் கூடாது.

இரை: வெள்ளை எலியை வளர்த்து, உறையவைத்து விற்பவரை இப்போதே பிடித்து வையுங்கள். வீட்டுப் பொறியில் விழுந்த எலியைக் கொடுக்கவே கூடாது. பக்கத்து வீட்டில் வைத்த எலி பாஷாணத்தை அது தின்றிருக்கலாம். ஒட்டுண்ணியும் கூடவே வரும்.

4. பெட்டி

வளர்ந்த பாம்புக்கு நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம். குட்டிக்கும் இதையே கொடுக்கலாம், ஆனால் உள்ளே இலை, மரப்பட்டை, ஒளிவிடம் என்று நிறைய அடைத்திருக்க வேண்டும். வெட்டவெளியான பெரிய பெட்டியில் குட்டி மிரண்டு இரை எடுக்காது. ஆரம்பத்தில் இரண்டடிப் பெட்டி போட்டு, பிறகு மாற்றுவது எளிது.

முன்பக்கக் கதவு திறக்கும் பெட்டியே நல்லது. மேலிருந்து இறங்கும் கையைப் பாம்பு பருந்து என்றுதான் எடுத்துக்கொள்ளும். கதவில் கண்டிப்பாகப் பூட்டு. செங்கல் பூட்டு ஆகாது. பால் பைத்தான் மூக்கால் இரவு முழுக்க முட்டும், விரல் நுழையும் சந்து போதும்.

ஒளிவிடம் இரண்டு வேண்டும், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றே ஒன்று வைத்தால், சூடு வேண்டுமா பாதுகாப்பு வேண்டுமா என்று பாம்பு தேர்ந்தெடுக்க வேண்டி வரும். அது பாதுகாப்பையே எடுக்கும். குளிரில் கிடந்து செரிமானம் கெடும். உள்ளே சுருண்டால் உடல் சுவரில் உரச வேண்டும், அந்த அளவு சின்னதாக இருக்கட்டும். அரண்மனை வேண்டாம்.

இதற்கு நம்மூர் மண்சட்டியை விட நல்ல பொருளை நான் பார்க்கவில்லை. கவிழ்த்து, விளிம்பில் வாசல் வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிடுங்கள். பாம்பின் உடம்பு தடித்த இடத்தை விட வாசல் தாராளமாக இருக்கட்டும், வயிற்றில் இரையோடு நுழைந்து சிக்கக் கூடாது. சட்டி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சட்டை உரிக்கும் காலத்தில் நனைத்துக் கவிழ்த்தால் அதுவே ஈர அறை.

தரைக்கு முதல் மூன்று மாதம் வெறும் செய்தித்தாள். அழகாக இருக்காது, ஆனால் எச்சமும் உண்ணியும் கண்ணில் படும். அதன் பிறகு தேங்காய் நார்த் தூள். செடிக்கடையில் கோகோபீட் கட்டியாகக் கிடைக்கும். உப்பு இருக்கலாம் என்பதால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து உலர்த்தியே போடுங்கள். வாசனை வரும் பைன், தேவதாரு மரத்தூள் கூடாது, அதன் எண்ணெய் மூச்சுக்குழாயை அரிக்கும்.

தண்ணீர்ப் பாத்திரம் கனமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் தினமும் கவிழ்க்கும். பெட்டி மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எந்த வெளிநாட்டு வழிகாட்டியிலும் எறும்பைப் பற்றி எழுதியிருக்க மாட்டார்கள். நம் வீட்டில் இரையின் வாசனைக்கு இரவோடு இரவாக வரிசை கட்டிவிடும். சுருண்டு கிடக்கும் குட்டியை மொய்த்துக் கடிக்கும்.

5. சூடும் ஈரமும்

அதிகம் பேர் கெடுக்கும் இடம் இது, அதனால் நிதானமாகப் படியுங்கள்.

பாம்பு தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்காது. இடம் மாறி மாறித்தான் சரிசெய்துகொள்ளும். ஆகவே பெட்டிக்குள் ஒரே வெப்பநிலை இருந்தால், அது எவ்வளவு சரியான எண்ணாக இருந்தாலும் தவறு. ஒரு முனை 31 முதல் 33 டிகிரி, மறுமுனை 25 முதல் 27. இரவில் 24க்குக் கீழ் இறங்க வேண்டாம்.

வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள், பெட்டிக்கு அடியில் வைக்கும் மின் சூட்டு விரிப்பான ஹீட் மேட்டோடு தொடங்குகிறார்கள். அந்த வீடியோ பனி பெய்யும் ஊரில் எடுத்தது. சென்னையில் மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை பகலில் 36ஐத் தொடும். அங்கே மேட் போட்டால் பாம்பை வேகவைப்பதாகும். 35க்கு மேல் ஒதுங்க இடமில்லாமல் நீடித்தால் உயிருக்கே ஆபத்து. நமக்கு வருடத்தில் ஐந்தாறு மாதம் குளிர்ந்த முனையைக் காப்பாற்றுவதுதான் வேலை. அறை குளிரும் நாட்களில்தான், முக்கியமாக டிசம்பர், ஜனவரி இரவுகளில், சூடு சேர்க்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு ஆண்டு முழுக்க மேட் தேவைப்படும்.

கோடைக்கு: பெட்டியைத் தரைக்குப் பக்கமாக இறக்குங்கள், சூடு மேலே போகும். மேற்கு வெயில் விழும் சுவர் வேண்டாம். பால்கனி கூடவே கூடாது, கண்ணாடிப் பெட்டிக்குள் நேர் வெயில் அரை மணி நேரத்தில் கொன்றுவிடும். மின்வெட்டில், உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, குளிர்ந்த முனையின் வெளிப்பக்கச் சுவரை ஒட்டி வையுங்கள். உள்ளே வைத்தால் பாம்பு அதன்மேல் போய்ப் படுத்துக்கொள்ளும்.

குளிருக்கு: ஹீட் மேட், பெட்டித் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், வெளிப்பக்கமாக அடியில். சூட்டை அளந்து மேட்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மேட்டைச் செருகவே செருகாதீர்கள். மேட்டுக்குத் தானாக நிற்கத் தெரியாது, பாம்புக்கும் வயிறு சுடுவது சட்டென்று உறைக்காது. வெந்து செதில் உரிந்த பிறகுதான் நமக்குத் தெரியவரும். தெர்மோஸ்டாட்டின் உணரி முனை, பாம்பு படுக்கும் பரப்பில், மேட்டுக்கு நேர் மேலே ஒட்டியிருக்க வேண்டும். அந்த இடத்தில் நார்த்தூளை மெல்லியதாகப் போடுங்கள். மூன்று அங்குலம் போட்டால் மேலே 30 காட்டும். பாம்பு தோண்டிக்கொண்டு அடிக்குப் போனால் அங்கே 40 இருக்கும்.

இதில் நானே விழுந்திருக்கிறேன். பெட்டிச் சுவரில் ஒட்டுகிற வட்ட தெர்மாமீட்டர் ஒன்று வைத்திருந்தேன். முள் அழகாக 31இல் நின்றது. பாம்பு மட்டும் எப்போதும் தண்ணீர்ப் பாத்திரத்திலேயே கிடந்தது. குளிக்கப் பிடிக்கிறது போல என்று படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். ஒயர் முனை உள்ள டிஜிட்டல் கருவியைத் தரையில் வைத்துப் பார்த்தால் 38. சுவரில் பாதி உயரத்துக் காற்றை அளந்துகொண்டிருந்திருக்கிறேன். பாம்போ தரையில் வாழ்கிறது. ஒயர் முனை உள்ளதாக இரண்டு வாங்குங்கள், முனைக்கு ஒன்று.

ஈரப்பதம் 55 முதல் 70 சதவீதம். கடலோரத்தில் இது தானாகவே கிடைக்கும். தினமும் ஸ்ப்ரே அடிக்கச் சொல்வதைக் கேட்காதீர்கள். தரை நசநசவென்று இருந்தால் வயிற்றுச் செதில் அழுகும். ஏசி ஓடும் அறையில் காற்று வறண்டுவிடும், அங்கே பெரிய தண்ணீர்ப் பாத்திரமும் நனைத்த மண்சட்டியும் போதும்.

அந்த அறையில் கொசுவர்த்தி, பூச்சி மருந்து ஸ்ப்ரே, நாப்தலின் உருண்டை எதுவும் கூடாது. சாம்பிராணிப் புகையும் வேண்டாம். பெட்டியைப் பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள், அது ஊர்வனவற்றுக்கு நஞ்சு. பாம்பை வெளியே எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டு நன்றாக அலசிக் காயவைத்தால் போதும்.

6. வெறும் பெட்டியை இரண்டு வாரம் ஓட்டுங்கள்

எல்லாம் தயார், பாம்பு மட்டும் இல்லை. காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று மூன்று வேளை இரு முனைகளின் அளவையும் நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலும் முதல் வாரத்தில் மதிய அளவு எகிறும். இடம் மாற்றுவது, காற்றுத் துளை கூட்டுவது எல்லாம் இப்போதே நடக்கட்டும். பாம்பு உள்ளே இருக்கும்போது இதைச் செய்தால் ஒவ்வொரு மாற்றமும் அதற்கு ஒரு மிரட்சி, ஒவ்வொரு மிரட்சியும் ஒரு வாரப் பட்டினி.

போன் செய்த தம்பியிடம் இதைச் சொன்னபோது, "காலிப் பெட்டியை எதுக்குண்ணா பாத்துட்டு இருக்கணும்" என்றார். பாம்பைப் பார்த்துக்கொண்டு இருந்தால் பெட்டியைப் பார்க்க மாட்டோம், அதற்காகத்தான்.

7. பாம்பைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு மூன்று மாதமான, குறைந்தது ஐந்து முறை இரை எடுத்த குட்டியாகக் கேளுங்கள். கேட்பதோடு நிற்காமல், உங்கள் முன்னால் இரை எடுப்பதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். எந்த இரை, என்ன அளவு, உயிரோடா உறைந்ததா என்று எழுதி வாங்குங்கள்.

கையில் எடுத்தால் தசை இறுக்கமாக, மெல்லச் சுற்றிக்கொள்ள வேண்டும். துவண்டு தொங்கக் கூடாது. முதுகெலும்பு கூரை முகடு மாதிரி துருத்தினால் மெலிந்த பாம்பு. மூக்கில் குமிழி, வாயோரத்தில் எச்சில், மூச்சில் விசில் சத்தம் எதுவும் இருக்கக் கூடாது. கண்ணைச் சுற்றியும் தாடைக்கு அடியிலும் கறுப்புப் புள்ளி அசைகிறதா என்று பாருங்கள், அது உண்ணி. எடுத்த பிறகு உங்கள் உள்ளங்கையையும் பாருங்கள்.

நிற வகைகளில் பனானா, பாஸ்டல், பைட் என்று பல உண்டு, பிடித்ததை எடுங்கள். ஸ்பைடர் வகையை மட்டும் வாங்காதீர்கள். அந்த நிறத்தைத் தரும் மரபணுவே தலை ஆட்டத்தையும் தருகிறது, சிலவற்றுக்கு இரையைக் குறிபார்த்துப் பிடிக்கவே வராது. அதை இனப்பெருக்கம் செய்வதே தவறு என்பது என் கருத்து. வாங்குகிறவர்கள் நின்றால் செய்கிறவர்களும் நிற்பார்கள்.

8. முதல் பத்து நாள்

பெட்டியில் விடுங்கள், கதவைப் பூட்டுங்கள், போய்விடுங்கள். தண்ணீர் மாற்ற மட்டும் கை உள்ளே போகட்டும். சொந்தக்காரர்களை அழைத்துக் காட்டாதீர்கள். பாம்பு பகல் முழுக்கச் சட்டிக்குள்ளேயே கிடக்கும். நோய் இல்லை, அதன் இயல்பே அதுதான்.

ஏற்கெனவே வேறு பாம்பு இருந்தால், புதியது இரண்டு முதல் மூன்று மாதம் வேறு அறையில். பழையதைக் கவனித்துவிட்டுப் புதியதைக் கவனியுங்கள், நேர்மாறாக அல்ல. ஒரே பெட்டியில் இரண்டு பாம்பு எந்தக் காலத்திலும் வேண்டாம். அவை கட்டிப்பிடித்துத் தூங்குவதில்லை. நல்ல இடத்துக்குப் போட்டி போடுகின்றன.

இந்தப் பத்து நாளில் பரிவேஷ் விண்ணப்பத்தை முடித்துவிடுங்கள். 30 நாள் என்பது நினைப்பதை விட வேகமாக ஓடும்.

9. இரை

முதல் இரையை ஏழு முதல் பத்தாம் நாளில், இருட்டிய பிறகு கொடுங்கள். அளவு: பாம்பின் உடம்பு மிகத் தடித்த இடத்தின் பருமன். எடைக் கணக்கில் குட்டிக்கு அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம், ஏழு பத்து நாளுக்கு ஒருமுறை. வளர்ந்ததற்கு 5 சதவீத அளவில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்றை இதற்கென்றே வாங்கிவிடுங்கள். வாரா வாரம் எடை எழுதுங்கள்.

உறைந்த எலியை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள். கொடுப்பதற்கு அரை மணி முன், பையோடு வெந்நீரில் போட்டு, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். தலைப் பக்கம் 38 டிகிரி அளவில் இருந்தால் எடுக்கும். பால் பைத்தானின் மேலுதட்டில் உள்ள குழிகள் சூட்டை உணர்பவை. ஆறிய எலி அதற்கு வெறும் பொருள். மைக்ரோவேவில் வைக்காதீர்கள். உள்ளே வெந்து வெடிக்கும், பிறகு அம்மாவிடம் இன்னொரு விளக்கம் சொல்ல வேண்டும்.

நீளமான இடுக்கியால் இடுப்பைப் பிடித்து, சட்டி வாசலுக்கு எதிரே மெல்ல அசையுங்கள். முகத்தில் இடிக்காதீர்கள். பிடித்துச் சுற்றியதும் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். 20 நிமிடத்தில் எடுக்காவிட்டால், இரவு முழுக்க உள்ளேயே வைத்துப் பார்க்கலாம். காலையில் மிச்சமிருந்தால் தூக்கிப் போடுங்கள். திரும்ப உறையவைக்கக் கூடாது.

உயிருள்ள எலி வேண்டாம். பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறும். முதுகெலும்பு தெரியும் அளவு கடிபட்ட பாம்பை நான் பார்த்திருக்கிறேன். எலிக்கும் அது கொடுமை.

இனி, எல்லோரையும் கலங்கடிக்கும் விஷயம்: சாப்பிடாமல் இருப்பது. பால் பைத்தானுக்குப் பட்டினி சாதாரணம். வளர்ந்த ஆண் பாம்புகள் குளிர்காலத்தை ஒட்டிய மாதங்களில் இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. என்னிடம் உள்ளது ஒரு முறை ஐப்பசியில் நிறுத்தி மாசியில்தான் தொடங்கியது. நான்கு மாதத்தில் அது இழந்தது 40 கிராம். கவலையில் நான் இழந்தது அதைவிட அதிகம். வரிசையாகப் பாருங்கள்: சூடு சரியா, ஒளிவிடம் இறுக்கமா, சட்டை உரிக்கப்போகிறதா, வீட்டில் இரைச்சலா. எல்லாம் சரி என்றால் பத்து நாளுக்கு ஒருமுறை மட்டும் நீட்டிப் பாருங்கள். தினமும் நீட்டினால் மறுப்பதே பழக்கமாகும். எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் மருத்துவர். குட்டி என்றால் அவ்வளவு காத்திருக்க வேண்டாம், ஒரு மாதத்திலேயே காட்டுங்கள். வாயைத் திறந்து திணிப்பதை நீங்கள் செய்யாதீர்கள்.

இரை எடுத்த பின் 48 மணி நேரம் கை வைக்கக் கூடாது. வைத்தால் கக்கிவிடும். கக்கினால் வயிற்று அமிலமும் சேர்ந்து வெளியேறும், தொண்டை புண்ணாகும். இரண்டு வாரம் வெறும் தண்ணீர், அடுத்த இரை வழக்கத்தில் பாதி அளவு.

10. கையில் எடுப்பது

இரண்டு மூன்று முறை ஒழுங்காக இரை எடுத்த பிறகே தொடங்குங்கள். வாரம் இரண்டு தடவை, பத்து நிமிடம். எலியைத் தொட்ட கையோடு போகாதீர்கள், உங்கள் விரலையே இரை என்று நினைக்கும். எடுக்கும் முன் ஒரு சின்ன அட்டைச் சுருளால் உடம்பைத் தொடுங்கள். இது இரை நேரமில்லை என்று சில வாரத்தில் பழகிக்கொள்ளும். நடு உடம்பை இரு கையால் தாங்குங்கள், தலையைப் பிடிக்காதீர்கள். முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கடித்தால் இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை. இழுத்தால் உங்கள் தோலும் கிழியும், அதன் பல்லும் முறியும். தானே விடும். சுற்றிக்கொண்டால் வால் பக்கத்திலிருந்து பிரியுங்கள். காயத்தைக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பாருங்கள்.

பாம்புக்கு உங்கள்மேல் பாசம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பயப்படாமல் இருக்கப் பழகும், அவ்வளவுதான்.

11. சட்டை உரித்தல்

கண் பால் நிறமாகும், தோல் மங்கும். அதைக் கண்டதும் கையில் எடுப்பதையும் இரையையும் நிறுத்துங்கள். அதற்குக் கண் சரியாகத் தெரியாது, எரிச்சலில் இருக்கும். சட்டியை நனைத்துக் கவிழுங்கள். சில நாளில் கண் தெளியும், அதிலிருந்து மூன்று நான்கு நாளில் உரிக்கும்.

உரித்த சட்டையை எறியும் முன் விரித்துப் பாருங்கள். இரு கண் மூடியும் வால் நுனியும் இருக்க வேண்டும். துண்டு துண்டாக வந்திருந்தால் ஈரம் போதவில்லை. மிச்சம் ஒட்டியிருந்தால், காற்றுத் துளையிட்ட டப்பாவில் வெதுவெதுப்பான ஈரத் துண்டு போட்டு, பாம்பை அரை மணி அதற்குள் விடுங்கள். துணியில் உரசித் தானே கழற்றும். கண்மேல் ஒட்டியதை நகத்தால் பிய்க்காதீர்கள். மூடியோடு கண்ணும் போகும்.

12. உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை

வாயைத் திறந்தபடி, தலையை மேலே தூக்கி மூச்சு விடுவது. மூக்கில் குமிழி. வயிற்றுச் செதிலில் சிவப்பு அல்லது பழுப்புக் கொப்புளம். வாயோரத்தில் தயிர் மாதிரி வெள்ளை. இரண்டாம் முறை கக்குவது. உடல் சமநிலை தவறி வானத்தைப் பார்த்தபடி கிடப்பது.

தண்ணீர்ப் பாத்திரத்தில் மிளகுத்தூள் தூவியது போல் கறுப்புப் புள்ளிகள் மிதந்தால் உண்ணி. நாய்க்கு அடிக்கும் மருந்தை வாங்கி அடிக்காதீர்கள், பாம்பு செத்துப் போகலாம். பெட்டியைக் காலி செய்து, மண்சட்டியை மாற்றி, செய்தித்தாளுக்குத் திரும்பி, மருந்து மருத்துவர் சொல்கிறபடி.

13. காணாமல் போனால்

போகும். பூட்ட மறக்கும் நாள் ஒன்று வரும்.

முதலில் அறைக் கதவைச் சாத்தி, கதவிடுக்கில் துண்டைச் செருகுங்கள். குளியலறை, கழிவறைத் துளைகளை மூடுங்கள். பிறகு பெட்டியிலிருந்து சுவரோரமாகத் தேடுங்கள், பாம்பு அறை நடுவில் போகாது. ஃப்ரிட்ஜ், கிரைண்டர், இன்வெர்ட்டர் பின்புறம், சோபாவின் அடித்துணி, ஷூ, துணி மூட்டை. சூடான, இறுக்கமான இடமாக நினைத்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால் இரவு கதவோரங்களில் கோதுமை மாவை மெல்லியதாகத் தூவி, விளக்கணைத்துப் படுங்கள். காலையில் தடம் எந்தப் பக்கம் போனது என்று தெரியும்.

அக்கம்பக்கத்தாருக்கு உடனே சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் நடப்பது இதுதான்: மாடிப்படியில் யாரோ பார்ப்பார்கள், கத்துவார்கள், தீயணைப்பு வண்டி வருவதற்குள் யாராவது கட்டையை எடுத்துவிடுவார்கள். நஞ்சில்லாத பாம்பு, பெயர் இது, படம் இது, பார்த்தால் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள் என்று குடியிருப்பு வாட்ஸாப்பில் போட்டால் பிழைக்க வழி உண்டு. பாம்பு வாங்கிய வாரமே கீழ் வீட்டுக்காரருக்கும் வாட்ச்மேனுக்கும் படத்தைக் காட்டி வைப்பது இன்னும் நல்லது.

என் பாம்பு போனபோது மூன்றாம் நாள் கிரைண்டர் மோட்டாருக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. மாவு அரைக்க ஸ்விட்சில் கை வைத்த பிறகுதான் அம்மா குனிந்து பார்த்தார். அன்றிலிருந்து பெட்டிச் சாவி அம்மாவிடம்.